கொடுத்த கணக்கும் போய்ச் சேர்ந்த கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

அகதிகளுக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் வேலை செய்கிற அமைப்புகளைப் பற்றி இரண்டு இதழுக்கு முன்னால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "எல்லாரும் தொகையைச் சொல்கிறார்கள், உதவியைச் சொல்வதில்லை." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய அறக்கட்டளை. சட்ட உதவி, மொழி வகுப்பு, மருத்துவம் என்று அகதிகளுக்காக உழைக்கிற ஆறு அமைப்புகளுக்கு நான்கு வருடமாகப் பணம் கொடுக்கிறோம். "இதுவரை எவ்வளவு ஆதரவு கொடுத்திருக்கிறோம்?" என்று அறங்காவலர் கூட்டத்தில் கேட்டார்கள். மொத்தத் தொகையைச் சொன்னேன். "அது தெரியும் தம்பி, ஆதரவு எவ்வளவு?" என்று ஒரு மூத்தவர் மறுபடியும் கேட்டார். அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அவரை விட்டுவிடாதீர்கள், கூட்டத்துக்கு ஒருவராவது அப்படி வேண்டும்.

தொகை என்பது உங்கள் கையை விட்டுப் போனது. அந்தப் பக்கம் அது என்னவாக இறங்கியது என்பது வேறு கதை. இரண்டு அமைப்புகளுக்கு ஆளுக்கு 30,000 டாலர் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் அமைப்புக்கு வருடம் 10,000 வீதம் மூன்று வருடம், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், வருடக் கடைசியில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டாவது அமைப்புக்கு ஒரே வருடத்தில் 30,000, அதுவும் தையல் பயிற்சிக்கு மட்டும், மாதா மாதம் ரிப்போர்ட், ஒவ்வொரு பில்லுக்கும் நகல், கடைசித் தவணை எல்லாம் முடிந்து தணிக்கையும் ஆன பிறகுதான். உங்கள் பேரேட்டில் இரண்டும் ஒரே எண். ஆனால் முதல் அமைப்பு அந்தப் பணத்தை நம்பி ஒரு மொழிபெயர்ப்பாளரை நிரந்தரமாக வேலைக்கு எடுக்கும். இரண்டாவது அமைப்பு ரிப்போர்ட் எழுத ஒரு ஆளைப் போட்டு, கடைசித் தவணை வரும்வரை கைமாற்று வாங்கி (அந்த வட்டியை எந்த நன்கொடையாளரும் கொடுத்து நான் பார்த்ததில்லை), பயிற்சி முடிந்த மறுநாள் டீச்சரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அதனால் தொகைக்குப் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் போடுங்கள். எத்தனை மாதத்துக்கு என்று முன்கூட்டியே உறுதி சொன்னீர்கள்? அதில் எத்தனை சதவீதத்தை அவர்கள் இஷ்டப்படி செலவழிக்கலாம்? அவர்கள் கேட்ட தேதி எது, பணம் வங்கியில் விழுந்த தேதி எது? இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் போடுவதே இல்லை. இடப்பெயர்வு திடீரென்று வருவது. ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் வந்து நிற்கும்போது கேட்ட பணம் ஏழு மாதம் கழித்து வந்தால், அதே தொகைதான், ஆனால் அது அந்த ஆயிரம் பேருக்கான பணம் இல்லை, வேறு யாருக்கோ.

அப்புறம் இன்னொன்று, உங்களிடமிருந்து பணம் வாங்க அவர்களுக்கு என்ன செலவானது என்று கேளுங்கள். ஒரு சின்ன அமைப்பில் கொஞ்ச காலம் கணக்கு எழுத உதவி செய்தேன். பதினோரு நன்கொடையாளர்கள், பதினோரு படிவம். ஒருவருக்கு நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும், இன்னொருவருக்கு ஏப்ரல், மூன்றாமவருக்கு ஜூலை. ஒரே வாடகை ரசீதை மூன்று விதமாக உடைத்துக் காட்ட வேண்டும். இயக்குநர் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் இதற்கே போய்விடும். அந்த இரண்டு நாளில் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கலாம். இந்தத் தொல்லை பெரிய இடங்களுக்கும் தெரியாமல் இல்லை. பல நன்கொடையாளர்களுக்கும் சேர்த்து ஒரே அறிக்கைப் படிவம் என்று '8+3' என்றொரு வடிவத்தைச் சர்வதேச அளவிலேயே கொண்டுவந்தார்கள்: எட்டு பொதுக் கேள்வி, தேவைப்பட்டால் கூடுதலாக மூன்று, அவ்வளவுதான். உங்கள் படிவத்தில் எத்தனை கேள்வி என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான கணக்கு. நீங்கள் 20,000 டாலர் அறிவிக்கிறீர்கள், பத்து அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன, ஒருவருக்குக் கிடைக்கிறது. விண்ணப்பம் எழுத ஆளுக்கு ஐந்து நாள் என்றால், கிடைக்காத ஒன்பது பேரும் சேர்ந்து 45 வேலை நாளை உங்களுக்காகச் செலவழித்திருக்கிறார்கள். இது யாருடைய ஆண்டறிக்கையிலும் வராது. முதல் சுற்றில் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கேட்டு, வாய்ப்பு இருக்கிற மூன்று பேரிடம் மட்டும் முழு விண்ணப்பம் வாங்கினால் இந்தக் கணக்கு பாதிக்கு மேல் குறையும். மூத்தவரிடம் இதையும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கேள்வி: அரசாங்கம் கொடுத்ததாகச் சொல்கிறது, ஐ.நா. கொடுத்ததாகச் சொல்கிறது, பெரிய தொண்டு நிறுவனமும் கொடுத்ததாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்கும் குறையே இருக்கக் கூடாதே?

பதில்: கூட்டினதுதான் தப்பு. பெரும்பாலும் மூவரும் சொல்வது ஒரே பணத்தை. அரசு ஐ.நா. முகமைக்குக் கொடுக்கிறது, முகமை சர்வதேசத் தொண்டு நிறுவனத்துக்கு, அது உள்ளூர் அமைப்புக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிர்வாகத்துக்கு நிற்கும், ஒவ்வொரு படியிலும் முழுத் தொகையும் "நாங்கள் கொடுத்தது" என்று பதிவாகும். ஆற்றில் நான்கு இடத்தில் தண்ணீரை அளந்துவிட்டு நான்கையும் கூட்டுகிற மாதிரி.

இரட்டைக் கணக்கைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கைமாற்றமும் யாரிடமிருந்து யாருக்கு என்று பதிவாக வேண்டும். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 1992 முதல் இப்படியொரு நிதிப் பதிவேட்டை நடத்துகிறது. உதவி வெளிப்படைத்தன்மைக்கான சர்வதேச முன்முயற்சி என்று 2008இல் ஒன்று தொடங்கி, யார் வேண்டுமானாலும் ஒரே வடிவத்தில் தரவை வெளியிட வழி செய்தார்கள். இரண்டிலும் மேல்படிகள் ஓரளவு தெரியும், கீழே இறங்க இறங்க மங்கலாகிவிடும். எங்கே தெளிவு அதிகம் வேண்டுமோ அங்கேதான் மங்கல்.

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய நன்கொடையாளர்களும் முகமைகளும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: 2020க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம், முடிந்த அளவு நேரடியாக, உள்ளூர் அமைப்புகளுக்கும் அந்தந்த நாட்டு அமைப்புகளுக்கும் போக வேண்டும் என்று. நேரடியாகப் போவது இன்றும் ஒற்றை இலக்க சதவீதத்தில்தான் நிற்கிறது. "முடிந்த அளவு நேரடியாக" என்ற அந்த மூன்று சொல்லுக்குள் எத்தனை இடைத்தரகர் ஒளிந்துகொள்ளலாம் என்பதுதான் அதற்குப் பிறகு நடந்த விவாதமெல்லாம். அளவுகோலின் வரையறையைத் தளர்த்தினாலே இலக்கு நெருங்கிவிடும், பணம் நகர வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். "தருவேன்" என்று மேடையில் சொன்னது, ஒப்பந்தத்தில் கையெழுத்தானது, வங்கியில் விழுந்தது என்று மூன்று எண்கள் உண்டு. செய்தியில் வருவது முதலாவது, சம்பளம் கொடுக்க முடிவது மூன்றாவதில். அடுத்தது, பணக்கார நாடுகள் தங்கள் நாட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்த அகதிகளின் முதல் 12 மாதச் செலவை வெளிநாட்டு வளர்ச்சி உதவிக் கணக்கில் காட்டிக்கொள்ள, அந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் விதி இடம் கொடுக்கிறது. 2022இல் அந்த நாடுகள் காட்டிய மொத்த உதவியில் 14 சதவீதத்துக்கும் மேல் இப்படி வீட்டுக்குள்ளேயே செலவானதுதான். அந்தச் செலவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதை எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கைதட்டுங்கள் என்கிறேன்.

கேள்வி: நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகும் எந்த அமைப்புக்கும் நான் ஒரு காசு கொடுப்பதில்லை. இது நல்ல அளவுகோல்தானே?

பதில்: இல்லை ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிணறு வெட்டும் அமைப்பு என்றால் குழாய்க்கு இவ்வளவு, ஆபீசுக்கு இவ்வளவு என்று ஓரளவு பிரிக்கலாம். புகலிடம் கேட்டு விண்ணப்பித்திருக்கும் ஒருவருக்கு ஒரு அமைப்பு தருவது என்ன? வழக்கறிஞரின் நேரம், மொழிபெயர்ப்பாளரின் நேரம், அவர் சொல்வதை நிதானமாகக் கேட்கிற ஒரு சமூகப் பணியாளரின் நேரம், பூட்டு இருக்கிற ஒரு அலமாரி, பேசினால் வெளியே கேட்காத ஒரு அறை. எல்லாமே சம்பளமும் வாடகையும்தான். இதில் எது நிர்வாகம், எது சேவை? கணக்காளர் எப்படி எழுதுகிறாரோ அப்படி. நீங்கள் 5 சதவீதம் என்று கோடு போட்டால், அமைப்பு என்ன செய்யும் என்கிறீர்கள்? செலவு அப்படியே இருக்கும், பெயர் மாறும். கணக்காளருடைய சம்பளத்தில் பாதி 'திட்ட ஒருங்கிணைப்பு' ஆகிவிடும். நேர்மையாக 18 சதவீதம் என்று எழுதின அமைப்பை நீங்கள் கழித்துவிடுவீர்கள், சாமர்த்தியமாக எழுதின அமைப்புக்கு உங்கள் பணம் போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சங்கிலியில் மேலே இருக்கிற பெரிய அமைப்புக்கு நிர்வாகச் செலவுக்கென்று ஒரு சதவீதம் கிடைக்கிறது, அது கீழே உள்ளூர் அமைப்புக்குப் பணத்தைக் கைமாற்றும்போது அந்தப் பங்கை மட்டும் தன்னிடமே நிறுத்திக்கொள்வது நீண்ட காலப் பழக்கம். மனிதாபிமான முகமைகளின் கூட்டுக் குழு 2022இல், கீழே இருப்பவருக்கும் அந்தப் பங்கைக் கொடுங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே நீங்கள் சதவீதம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்: "நீங்கள் வாங்கும் நிர்வாகப் பங்கில் எவ்வளவு உங்கள் கூட்டாளி அமைப்புக்குப் போகிறது?" பதில் வர எத்தனை நாளாகிறது என்பதே பாதி பதில்.

கேள்வி: பணம் கொடுக்க வசதியில்லை. வாரம் நான்கு மணி நேரம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இதையெல்லாம் யாராவது கணக்கில் எடுப்பார்களா?

பதில்: எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் தன்னார்வப் பணியை அளப்பதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. அடிப்படை எளிது: அதே வேலைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் மணிக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்குமோ, அதை உங்கள் மணி நேரத்தால் பெருக்குவது. நீங்கள் பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்தாலும் பாடம் சொல்லும்போது ஆசிரியர் சம்பளம்தான் கணக்கு. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும்.

அமைப்பு உங்களுக்காகச் செலவழித்த நேரத்தையும் கழிக்க வேண்டும், பயிற்சி, மேற்பார்வை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. இரண்டு வருடம் வருகிற ஒருவரால் அது திரும்பக் கிடைத்துவிடும். மூன்று வாரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவரால் கிடைக்காது.

பொருளாகக் கொடுப்பதும் இப்படித்தான், கூடுதல் சிக்கலோடு. கேட்காமல் வந்து குவிகிற பழைய துணி மூட்டையைக் கொடுத்தவர் ஒரு மதிப்பு போட்டு எழுதிக்கொள்வார். வாங்கிய இடத்தில் அதைப் பிரிக்க ஆள், அடுக்க இடம், ஆகாததைக் கொட்ட வண்டிக் கூலி. சில மூட்டைகளின் உண்மையான மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே.

கேள்வி: அகதி, புலம்பெயர்ந்தோர், இடம்பெயர்ந்தோர் என்று ஏன் மூன்று வார்த்தை? கணக்கில் ஒரே தலைப்பில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்: உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்கள் காணாமல் போவார்கள், அவ்வளவுதான். 1951 உடன்படிக்கை அகதிகளைப் பற்றியது, எல்லை தாண்டியவர்களுக்கு. சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடியவர்களுக்கு 1998இல் ஐ.நா. வகுத்த வழிகாட்டும் நெறிகள் இருக்கின்றன, உடன்படிக்கைக்கு உள்ள கட்டாயம் அதற்கு இல்லை. 2024 முடிவில் போரும் வன்முறையும் துன்புறுத்தலும் விரட்டியவர்கள் உலகில் 12.32 கோடி பேர், அதில் 7.35 கோடி பேர் எல்லையே தாண்டாதவர்கள். வேலைக்காகவும் குடும்பத்துக்காகவும் போனவர்களையும் சேர்த்து, பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் 30 கோடிக்கும் மேல். சட்டமும் தேவையும் மூவருக்கும் வேறு வேறு. ஒரே தலைப்பில் போட்டால் சுலபமாக அடைய முடிகிறவர்களுக்குச் செய்ததை வைத்து மற்றவர்களுக்கும் செய்ததாகக் காட்டலாம்.

கேள்வி: "எத்தனை பேருக்கு உதவினீர்கள்" என்ற ஒரே கேள்வியைத்தான் எங்கள் நன்கொடையாளர் கேட்கிறார். போன வருடம் 900 என்றோம், இந்த வருடம் 640. "ஏன் குறைந்தது" என்கிறார். உண்மையில் இந்த வருடம்தான் நன்றாக வேலை செய்தோம். எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அந்த 900 என்ன என்று பாருங்கள். ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பன்னிரண்டு தடவை கையெழுத்துப் போட்டால் அது பன்னிரண்டு பேரா, ஒருவரா? சிரிக்காதீர்கள், பல அறிக்கைகளில் அது பன்னிரண்டு. தலைகளை எண்ணுவதா, வருகைகளை எண்ணுவதா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள், இரண்டையும் கொடுக்கலாம், கலக்கக் கூடாது.

முகாம் மாதிரி இடங்களில் அளவு ஓரளவு தெளிவு. மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் கையேடு 1990களின் கடைசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், படுக்க இருக்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடலாம். புகலிட வழக்குக்கு டேப் கிடையாது. ஒரு வழக்கு சில வருடங்கள் இழுக்கும். ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்தாலும் 'ஒருவர்', நான்கு வருடம் கூடவே நின்று தீர்ப்பு வாங்கிக் கொடுத்தாலும் 'ஒருவர்'. தலை எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எல்லாரும் பிரசுரம் அடிக்கப் போய்விடுவார்கள். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் சொன்னார், ஒரு அளவைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினால் அது அளவாக வேலை செய்வதை நிறுத்திவிடும் என்று. அகதி அமைப்புகளை அவர் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் காட்டமாகச் சொல்லியிருப்பார்.

உங்கள் 640ஐ மூன்றாக உடைத்துக் கொடுங்கள்: தகவல் மட்டும் வாங்கிப் போனவர், சில தடவை வந்தவர், வழக்கு முழுக்கக் கூட இருந்தவர். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக எத்தனை மணி நேரம் ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆள் குறைந்து மணி நேரம் கூடியது அப்போது கண்ணுக்குத் தெரியும். இதையும் கொடுத்த பிறகு அவர் மறுபடி "ஏன் குறைந்தது" என்றால், அவர் நீங்கள் அனுப்புவதைப் படிப்பதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: நிதி கொடுப்பவர் பயனாளிகளின் பெயர், அடையாள எண், போட்டோ மூன்றும் கேட்கிறார். "சரிபார்க்க" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இந்தப் பக்கத்தில் இவ்வளவு சீக்கிரம் நான் பதில் சொன்னதே இல்லை.

துரத்தப்பட்டு வந்தவரின் பெயரும் இடமும் சேர்ந்த பட்டியல் தப்பான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற உறவினருக்கும் ஆபத்து. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் சர்வரிலேயே புகுந்து, பிரிந்த குடும்பங்களைத் தேடுகிறவர்கள் உட்பட 5,15,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலை எட்டிவிட்டார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால் உங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கும் எக்ஸெல் எந்த மூலைக்கு?

"சம்மதம் வாங்கிவிட்டோம்" என்பார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர் எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார், அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரிபார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. வெளித் தணிக்கையாளர் உங்கள் அலுவலகத்துக்கே வந்து, தோராயமாகப் பத்து கோப்புகளை எடுத்து, அங்கேயே பார்த்துவிட்டு, "இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துப் போகலாம். நன்கொடையாளருக்குப் போவது கூட்டு எண்ணிக்கை மட்டும். அதிலும் கவனம், "இந்த ஊர், இந்த மொழி, இந்த வயது: 2 பேர்" என்று எழுதினால் பெயர் எழுதியது மாதிரிதான். சின்ன எண்களைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். ஐ.நா. அகதிகள் முகமைக்கே 2015 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறது, "அவர்களே இப்படித்தான் செய்கிறார்கள்" என்று காட்ட உதவும். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தப் பணம் வேண்டாம். சொல்வது எனக்குச் சுலபம், மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டியவர் நீங்கள், அது தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு வரும் நிதியில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து. நல்ல நன்கொடையாளர், தொந்தரவே இல்லை. இதை 'வலுவான ஆதரவு' என்று எழுதலாமா?

பதில்: 'பெரிய ஆதரவு' என்று எழுதுங்கள். வலு வேறு.

ஐ.நா. அகதிகள் முகமை பெரும்பாலும் அரசுகள் தானாகக் கொடுக்கும் பணத்தில் ஓடுவது. 2025க்கு முந்தைய வருடங்களில் அதில் சுமார் 40 சதவீதம் அமெரிக்கா ஒன்றிடமிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, மற்றவர்களும் குறைத்தார்கள், அந்த ஜூனிலேயே முகமை சுமார் 3,500 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய இடம் ஆறு மாதம் தாங்கவில்லை. அவர்களிடமிருந்து பணம் வாங்கிய சின்ன அமைப்புகளுக்கு ஆறு வாரம்கூட அவகாசம் இருந்திருக்காது.

இதற்கு ஒரு எண் போதும்: பெரிய நன்கொடையாளர் நாளைக்கே நின்றுவிட்டால், கையில் இருப்பதையும் மற்றவர்கள் உறுதி சொன்னதையும் வைத்து எத்தனை மாதம் கதவு திறந்திருக்கும்? நிபந்தனை போட்டுக் கட்டிவைத்த பணத்தை இதில் சேர்க்காதீர்கள், அதை எடுத்து வாடகை கொடுக்க முடியாது. பாதியில் இருக்கும் வழக்குகளை முடிக்க எத்தனை மாதம் வேண்டும் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் எண் சின்னதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால், அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு அதே நல்ல நன்கொடையாளரிடமே போங்கள். தொகையைக் கூட்டச் சொல்லி அல்ல, நிறுத்துவதாக இருந்தால் இத்தனை மாதம் முன்னால் சொல்வோம் என்று எழுத்தில் வாங்க. தொந்தரவே இல்லாதவர் என்கிறீர்களே, கொடுப்பார். எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கட்டடத்தைக் காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் சேர்த்து, போன வருடம் இதே கேள்வி கேட்டவர் அதை மறந்துவிட்டார்.